ஓட விடுமுன் ஒரு வாசிப்பு

ஒஸ்லோவில் ஒருவன் தாளும் பென்சிலுமாக இருந்தால் ஆளுக்கு ஏதோ வருத்தம் என்று நினைக்கிறார்கள். நான் கணினியைத் தொடாமல் அரைநாளாகத் தாளையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு என் மேலதிகாரி இங்ரிட் வந்து நின்றாள்.

"இயந்திரம் பழுதா?"

"இல்லை."

"உனக்குச் சுகமில்லையா?"

"நல்ல சுகம். நீ தந்த கணினி நிரலை வாசிக்கிறேன்."

அவள் நம்பாமல் தலையாட்டிவிட்டுப் போனாள். என் வேலை தற்காலிகமானது. அது நிரந்தரமானால்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மனைவி சாந்தியை இங்கே கூப்பிட முடியும்.

இந்தப் பழக்கம் யாழ்ப்பாணத்து இணுவிலில் வந்தது. போரால் மின்சாரமில்லாமல் போன அந்த ஆண்டுகளில் எங்கள் கணினி வகுப்பு ஜெனரேற்றரை நம்பி நடந்தது. அதற்கு ஊற்றும் மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. ஆகவே ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் தாமே இயந்திரமாகித் தாளில் வாசித்து முடிப்பார். அதன் பிறகுதான் ஜெனரேற்றரின் கயிற்றை இழுப்போம். எனக்கு இயந்திரமாக வாய்த்தவள் கூடப் படித்த சாந்தி. "நீர் எழுதினது எனக்கே விளங்கேல்லை, உதுக்கு மண்ணெண்ணெய் வேறையோ?" என்று தாளைத் திருப்பித் தருவாள். "இன்னொருக்காப் பாருமன்" என்று கெஞ்சுவேன். எங்கள் காதலும் அந்தத் தாள்களுக்கு நடுவில்தான் வந்தது.

நிரலை இயந்திரத்துக்கு விளங்கவைக்கும் இன்ரப்பிரிற்றர், கொம்பைலர் என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. முதலாவது ஒரு வரியை வாசித்து உடனே செய்யும். பிறகு அடுத்த வரி. அது போகாத வரியில் பிழை கிடந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. மற்றது முழுவதையும் வாசித்து, இயந்திரத்தின் மொழிக்கு மாற்றிய பிறகே ஓட விடும். எழுத்தில் பிழை கண்டால் அசையாது. சாந்தி இரண்டாவது வகை.

ஒஸ்லோ அலுவலகத்தில் எல்லோரும் முதலாவது வகை. தட்டுவார்கள், ஓட விடுவார்கள், நின்ற இடத்தில் திருத்துவார்கள். அது வேகமான வழிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் இங்ரிட்டின் நிரலில், வருட முடிவில் மட்டும் ஓடவேண்டிய ஒரு வரி பிழையாக இருந்தது. தயங்கித் தயங்கிக் கொண்டுபோய்க் காட்டினேன். தன் பிழையைப் பார்த்து அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்தில் பேசியவளும் அவள்தான். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லாததால், என்னோடு பேசக் கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்கு வந்திருந்த சாந்தியிடம் வேலை நிரந்தரமானதைத் தொலைபேசியில் சொன்னேன். அழுதாள்.

"வாறன். ஆனா இப்ப வகுப்பை நான்தானே நடத்திறன். இந்தப் பிள்ளையள் சோதினை எழுதட்டும். அதுவரைக்கும் பொறுப்பியளோ?"

கோபம் வந்தது. என்னை ஆளாக்கிய வகுப்பு அது என்ற நினைப்பும் கூடவே வந்தது. "ஓம்" என்றேன்.

கதவில் எங்கள் இருவர் பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். தபால்காரர் அவள் பெயருக்கும் விளம்பரத் தாள்கள் போடத் தொடங்கிவிட்டார். எறிய மனமில்லை. அவளுக்காக வாங்கிய நாற்காலியில் அடுக்கி வைக்கிறேன்.