ஒரு கை குறையுது

டீசலில் ஊறிய கரிக்கென்று ஒரு வாசம் உண்டு. அடுப்புக் கரியின் வாசம் அல்ல அது. தீய்ந்த எண்ணெயும் மழையில் நனைந்த தாரும் சேர்ந்தாற்போல, மூக்கில் ஏறிக்கொண்டால் இரண்டு நாளைக்கு இறங்காத கனத்த வாசம். இப்போதும் ஏதாவது ஒர்க்‌ஷாப்பைக் கடக்கும்போது அது வந்துவிட்டால், நான் ஐந்தாம் வகுப்புப் பெண்ணாகி, திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலில், ஒரு வெள்ளிக்கிழமைப் பகலுக்குள் போய் நின்றுவிடுகிறேன்.

எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் நிட்டிங் யூனிட்டுகள். பகல் முழுக்க மெஷின்கள் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். சன்னல் வழியாக வெளியேறும் பஞ்சுத் தூசி எங்கேயும் போக அவசரமில்லாமல் வெயிலில் மிதக்கும். அப்பா அங்கே ஒரு யூனிட்டில் மெஷின் ஃபிட்டர். அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் 'கறை எடுக்கிற' வேலை. தைத்து முடித்த பனியனில் எண்ணெய்ப் பொட்டு பட்டிருந்தால், துப்பாக்கி போன்ற ஒரு 'கன்'னில் மருந்தைப் பீய்ச்சி, பட்ட சுவடே தெரியாமல் எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்க நின்றபடி இதைச் செய்துவிட்டு வந்தாலும், என் யூனிபார்மில் ஒரு மைப்புள்ளியைக் கண்டால் அம்மாவின் கை சும்மா இருக்காது.

அம்மாவுக்கு ஊர் தெற்கே, திருச்செந்தூர்ப் பக்கம். வேதக்கார வீட்டுப் பெண், கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவோ சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிற வீட்டுப் பிள்ளை. இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே பஸ்ஸில் திருப்பூர் வந்து இறங்கியவர்கள். அன்றைக்கு அம்மாவின் அப்பா, "குடும்பத்துல விழுந்த கறை, இனி போகாது" என்று சொன்னாராம். அந்தப் பேச்சு யார் யார் வாய் வழியாகவோ திருப்பூர் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஊரில் அத்தனை பேரின் கறையை எடுக்கிற அம்மா, பதினொரு வருடம் பிறந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

அந்த வருடம்தான் சித்தி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் அசனம், ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள், வந்துவிடு என்றாள். "அப்பாட்ட கேட்டுட்டேன்க்கா. வரட்டும்னும் சொல்லல, வரவேண்டாம்னும் சொல்லல." அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு பழைய டீசல் காரை வாங்கியிருந்தார். அதில்தான் போயாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பஸ்ஸில் போய்விடலாம் என்றாள் அம்மா. "பஸ்ல கூட்டிட்டு ஓடுனவன், பஸ்லயே கூட்டிட்டு வாரான்னு சொல்லுததுக்கா?" என்று அப்பா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

ஆனால் காருக்கு இந்த மானப் பிரச்சினை எதுவும் தெரியாது. பாலம் ஏறினால் முக்கும், பின்னால் வருகிறவன் முகத்தில் கறுப்புப் புகையைக் கக்கும். எங்கள் லைன் வீட்டை ஒட்டி வேப்பமரத்தடியில் ஷெட் வைத்திருந்த ஈஸ்வரண்ணன், குண்டடத்துக்காரர், வெள்ளிக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, வண்டி மூச்சு விடவே முடியலீங்க. காத்துப் போற மேனிஃபோல்டு பூராக் கரி அப்பிக் கெடக்குதுங்க. இத வெச்சுக்கிட்டு எங்கூருக் குண்டடத்தக்கூடத் தாண்ட மாட்டீங்க."

சனிக்கிழமை விடியலில் கிளம்ப வேண்டும். அப்பாவும் அம்மாவும் லீவு போட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூட லீவு தானாகவே கிடைத்துவிட்டது.

கழற்றி வெளியே எடுத்து வைத்ததும் நான் அசந்துபோனேன். நான்கு வாய்கள் உள்ள ஒரு உலோகக் குழாய். ஒவ்வொரு வாயிலும் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கே ஓட்டை. மற்ற இடமெல்லாம் கறுப்பு அல்வா மாதிரி கரி. கடலுக்கடியில் ரொம்ப நாள் தூங்கிவிட்டு, திருப்பூரில் கண்விழித்துவிட்ட ஒரு பிராணி அது என்று எனக்குத் தோன்றியது.

குழாயைக் கழற்றிய இடத்தில் எஞ்சினில் நான்கு துவாரங்கள் திறந்து கிடந்தன. சுரண்டும்போது கரித்துணுக்கு உள்ளே விழுந்தால் எஞ்சினுக்கு ஆபத்து என்று, அவற்றை அடைக்கத் துணி கேட்டார் ஈஸ்வரண்ணன். எங்கள் ஊரில் துணிக்கா பஞ்சம்? பனியன் 'வேஸ்ட்' துணி இல்லாத வீடே கிடையாது. "கலர் வேண்டாங்க, வெள்ளையே குடுங்க, அதுதான் நல்லா உறிஞ்சும்" என்றார். அம்மா கம்பெனியில் கழித்துக் கட்டிய குழந்தை பனியன் கைகளில் இரண்டு ஜோடியை எடுத்துக் கொடுத்தாள். எங்கள் ஊரில் வெட்டி வைத்த கைப்பகுதியைக் 'கை' என்றுதான் சொல்வார்கள். 'கை ஏத்தியாச்சா?', 'கை பத்தல' என்று அம்மாவும் அவள் தோழிகளும் பேசிக்கொள்வதைக் கேட்டால் புதிதாக வந்தவர்கள் பயந்துபோவார்கள். நான்கு குட்டிக் கைகளும் நான்கு துவாரங்களுக்குள் போயின.

ஈஸ்வரண்ணன் வளைத்த ஸ்க்ரூ டிரைவரால் பெரிய கட்டிகளைப் பெயர்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நீங்க தள்ளுங்கண்ணே" என்று சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கறை என்று வந்துவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. டீசலில் ஊறவைத்தாள், பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் தேய்த்தாள், பிரஷ் எட்டாத வளைவில் விரலை விட்டே வழித்தாள். "கையுறை போட்டுக்கங்க கண்ணு, நகத்துல ஏறுனா எறங்காது" என்று ஈஸ்வரண்ணன் சொன்னது அவள் காதில் விழவேயில்லை. கறுப்புக் குழம்பு வழிந்து மண்ணில் இறங்கியது. மேலேயிருந்து பஞ்சு மெதுவாக வந்து அதன்மேல் அமர்ந்தது. அப்பா குழாயை யூனிட்டுக்குத் தூக்கிப்போய், பஞ்சு ஊதுகிற காற்றுக்குழாயால் ஊதிக் காயவைத்துக் கொண்டுவந்தபோது, உட்பக்கமெல்லாம் புதுப் பாத்திரம் போல மின்னியது. நான் ஒரு வாயில் என் பெயரைச் சொன்னேன். மற்ற மூன்று வாய்களிலிருந்தும் யாரோ கொஞ்சம் பெரியவள், எனக்குத் தெரியாத ஒருத்தி, அதே பெயரைச் சொன்னாள். மெஷின் சத்தமும் வேப்பம்பூ வாசமும் அந்தக் குரலுமாக, அன்றைய மத்தியானம் நகராமல் நின்றது.

ஆண்கள் இருவரும் மேனிஃபோல்டை மறுபடி பொருத்தத் தொடங்கினார்கள். வேறு யாராயிருந்தாலும் அழுக்குத் துணிகளைத் தெருவோரம் எறிந்திருப்பார்கள். அம்மா வாளியில் சோப்பு கரைத்து, துடைத்துப் போட்ட கந்தல்களோடு அந்தக் குட்டிக் கைகளையும் துவைக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பிழிந்தவற்றைக் கல்லில் பரப்பினேன். ஒரு கை. அதன் ஜோடி. அப்புறம் இன்னொரு கை. அவ்வளவுதான்.

அம்மா வாளிக்குள் துழாவினாள். கந்தல்களை உதறிப் பார்த்தாள். பிறகு அந்த ஒற்றைக் கையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அங்கே போல்ட்டுகள் ஒவ்வொன்றாக முறுகிக்கொண்டிருந்தன. அவள் ஏன் பேசவில்லை என்று எனக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அப்பா சாவியை எடுத்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நிப்பாட்டுங்க!" என்று எழுந்தாள் அம்மா. "ஒரு கை குறையுது."

ஈஸ்வரண்ணன் பதறிப்போய் முதலில் தன் கைகளைத்தான் பார்த்தார். விஷயம் புரிந்ததும், "இல்லீங்க, நாலையும் நாந்தானுங்க எடுத்தேன்" என்றார். அப்பா தவித்தார். மூன்று மணி நேர வேலை. நல்ல மனுஷனை நம்பாததுபோல ஆகிவிடும். "துடைக்கிற துணியோட போயிருக்கும்" என்று இழுத்தார்.

"கை ஜோடியாத்தான் வரும். ஒத்தக் கை வராது. கழட்டுங்க சொல்லுதேன்."

கழற்றினார்கள். மூன்றாவது துவாரத்தில் டார்ச் அடித்தால் கறுப்புதான் தெரிந்தது. ஈஸ்வரண்ணன் நீள மூக்குக் குறடை விட்டு இழுத்தார். கரியோடு கரியாகி, பந்தாய்ச் சுருண்டு, அந்தக் கை வெளியே வந்தது. ஸ்டார்ட் செய்திருந்தால் எஞ்சின் அதை விழுங்கியிருக்கும், ஊருக்குப் போவது என்ற பேச்சே இருந்திருக்காது. "வெள்ளை கேட்டது என் தப்புங்க, செவப்பு கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மா அந்தக் கையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் கார் குண்டடத்தைப் புகையில்லாமல் தாண்டியபோது, அப்பா தேவையே இல்லாமல் மூன்று முறை ஹாரன் அடித்தார். அம்மா நகத்தையே தேய்த்துக்கொண்டு வந்தாள். எலுமிச்சம்பழம், சோப்பு, கம்பெனி மருந்து எதற்கும் அந்தக் கரி இறங்கவில்லை.

அசனப் பந்தியில் சாம்பார் வாளியோடு வரிசையாக வந்த தாத்தா, எங்கள் இலை முன்னால் நின்றார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா தலை நிமிரவில்லை. அவர் சோற்றின்மேல் இருந்த அவள் விரல்களைப் பார்த்தார்.

"கையில என்ன?"

"கார்க் கரிப்பா."

"கழுவலையா?"

"கழுவிட்டேன். போக மாட்டேங்குது."

வாளியிலிருந்து கரண்டி எழும்ப ரொம்ப நேரம் ஆனது போல இருந்தது. "போகாட்டா இருக்கட்டும்" என்றார் தாத்தா. "சாப்பிடு." அம்மா இலையிலேயே கண்ணீர் விட்டுக்கொண்டு சாப்பிட்டாள். எனக்கு அந்தச் சாம்பார் ரொம்பப் பிடித்திருந்தது.

தாத்தா இப்போது இல்லை. அந்தக் கார் எத்தனையோ கை மாறிப் போய்விட்டது. வேப்பமரம் நின்ற இடத்தில் ஒரு டெலிவரி குடோன் இருக்கிறது. நான் ஓட்டுகிற பேட்டரி வண்டிக்கு மேனிஃபோல்டும் கிடையாது, அதில் வாய் வைத்துப் பேசினால் பதில் சொல்கிற பெரியவளும் கிடையாது. அந்த வயதையெல்லாம் நான் எப்போதோ தாண்டிவிட்டேன்.

போன மாதம் அம்மாவிடம் கேட்டேன்: "அன்னைக்கு ஏம்மா உடனே சொல்லல?" அம்மா மறைக்கவில்லை. "சொல்லாம விட்டா வண்டி ஓடாது, ஊருக்குப் போக வேண்டாம்னு நினைச்சேன். எனக்கு அவ்வளவு பயம்ட்டி." பிறகு பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தாள். நான்கு குட்டிக் கைகள். மூன்று வெள்ளை வெளேரென்று இருந்தன. நான்காவதில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கரி அப்படியே இருந்தது.

"இந்த ஊர்லயே நீ எடுக்காத கறை உண்டாம்மா? இத மட்டும் ஏன் விட்டே?"

அம்மா அதை மடித்து, அதன் ஜோடியோடு சேர்த்து வைத்தாள்.

"இருக்கட்டும்" என்றாள்.