தோளை விட்டு இறங்கிய தையல்

அலுவலகத்தில் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர். அவளைவிட ஐந்து வயது மூத்த மேலாளரம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார். காலையில் உள்ளே நுழைந்ததும் கழுத்தில் ஏறுகிற அளவு டேப், மாலையில் பேருந்தில் யாராவது முறைத்துப் பார்த்த பிறகுதான் கீழே இறங்கும். ஒருமுறை உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கே அதோடு போய் நின்றாள். புகைப்படத்தில் அது மஞ்சளாக, புது நகை மாதிரி பளிச்சென்று விழுந்திருக்கிறது.

சட்டைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஆண்கள் போடுகிற காலர் வைத்த டி-ஷர்ட், போலோ என்பார்களே, அது. கம்பெனி சொந்தமாகப் போலோ சட்டை தைத்து விற்றது. ஒவ்வொரு வருஷமும் புது மாதிரியைத் தொடங்குவதற்கு முன்னால், மற்றவர்கள் என்ன விற்கிறார்கள் என்று பன்னிரண்டு கடைகளிலிருந்து கடைக்கொரு சட்டை வாங்கி வருவார்கள். கழுத்துப் பட்டையிலுள்ள பெயரை ஒட்டுத்தாளால் மறைத்து, எண் போட்டு, அவள் மேஜையில் அடுக்குவார்கள். பெயர் தெரிந்தால் மனசு சாய்ந்துவிடும் என்பது மேலாளரம்மாவின் கட்சி. டேப் அக்காவுக்கு அந்த மறைப்பெல்லாம் தேவையே இல்லை. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் மூன்றாவது துவையலில் காலர் நுனி சுருண்டால், "இதுக்குத்தான் இவ்வளவு பவுசா?" என்று தூக்கி ஓரமாக வைத்துவிடுவாள்.

ஒவ்வொரு சட்டையையும் ஐந்து முறை துவைத்துக் காயவைப்பாள். பட்டன் பட்டி நெளிகிறதா, அக்குளில் நூல் விடுகிறதா, வயிற்றுப் பக்கம் பஞ்சு உருண்டை உருண்டையாக எழும்புகிறதா என்று சன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள். பிறகு மூன்று கட்டங்களில் மார்க் போடுவாள்: பொருத்தம், தரம், கொடுத்த விலைக்குத் தகுமா.

பொருத்தம் பார்க்க ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். அவனுக்கு மீடியம் என்றே பெயர். அவன் மார்பும் தோளும் இடுப்பும் அந்த அளவுக்கு அச்சு வார்த்த மாதிரி இருக்கும். ஏறவும் கூடாது, இளைக்கவும் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனாலேயே யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் பெரிய கேக் துண்டை அவன் தட்டில் வைத்து வேடிக்கை பார்ப்பார்கள்.

மீடியத்துக்குச் சட்டை மாட்டி, தோள் தையல் எலும்பின் நுனியில் உட்கார்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது டேப் அக்காவின் அன்றாட வேலை. அவன் கைகளைத் தூக்குவான், குனிவான், முதுகைக் காட்டுவான். தம்பி மாதிரிப் பையன். அதில் மனசு வேறெங்கும் போக ஒன்றுமில்லை. ஆனால் சில நாட்களில், இன்னொருவர் தோளின் சூடு விரலில் பட்டதும், கை அப்படியே நின்றுவிடும்.

"என்னக்கா, தையல் சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கு. திரும்பு."

அவள் கணவர் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மூன்று வருஷ ஒப்பந்தம். போய் இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. அவர் வீட்டிலிருந்த காலத்தில், சோதனை முடிந்து கழித்துப்போட்ட சட்டைகளை அவள் வீட்டுக்குக் கொண்டு வருவாள். ஹாலில் கையை விரித்துக்கொண்டு நிற்பார். அவள் சுற்றிச் சுற்றி வந்து இழுத்துப் பார்ப்பாள்.

"எத்தனை மார்க்?"

"சட்டைக்கா, உங்களுக்கா?"

"ரெண்டுக்கும்தான் சொல்லேன்."

"சட்டைக்கு ஏழு. உங்களுக்குத் தொப்பை விழுந்திருக்கு, அஞ்சுக்கு மேல தேறாது."

அவர் வயிற்றை எக்கிக்கொண்டு, "இப்போ?" என்பார். பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே மகள் சிரிப்பாள்.

கிளம்பும்போது அவருக்கென்று ஒரு கருநீலப் போலோ வாங்கினாள். கெட்டியான துணி. எல் சைஸ். ஐந்து முறை துவைத்து, சுருங்குவதெல்லாம் வீட்டிலேயே சுருங்கி முடிந்த பிறகுதான் பெட்டியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோவில் பேசும்போது அவர் அதைத்தான் போட்டுக்கொள்வார். கொஞ்ச நாளாக முகமும் காலரும் மட்டும்தான் தெரிந்தது. போனைக் கிட்டத்தில் வைத்துக்கொள்கிறார் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு, மகள் பரீட்சையைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. அவர் கேட்டுக்கொண்டே போனை எதன்மேலோ சாய்த்துவிட்டு, தண்ணீர் எடுக்க எட்டினார். ஒரு நொடிதான். இடுப்பு வரை ஆள் தெரிந்தார். வலது தோள் தையல் எலும்பை விட்டு இரண்டு விரற்கடை கீழே, கையின்மேல் கிடந்தது.

"என்னங்க, கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

"எதுக்கு?"

"சட்டையைப் பாக்கணும்."

"உனக்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாதா? துவைச்சுத் துவைச்சு லூஸாயிடுச்சும்மா, வேற ஒண்ணுமில்ல." போன் மறுபடி முகத்துக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது.

மகள் பக்கத்தில் இருந்ததால் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அன்று முழுக்க எதிலும் கை ஓடவில்லை. துவைக்கத் துவைக்க அந்தத் துணியில் உயரம் குறையும், அகலம் கொஞ்சம் கூடும், அது வாஸ்தவம்தான். தோள் அப்படியில்லை. தோள் தையலுக்குள்ளே நாடா வைத்துத் தைத்திருக்கிறது. வேறு எங்கே நெகிழ்ந்தாலும் அந்த இடம் நெகிழாது. அதற்காகத்தானே தரத்தில் அதற்கு ஒன்பது மார்க் போட்டு, அவருக்கென்று எடுத்தாள்?

திங்கட்கிழமை அலமாரியைக் குடைந்து அதே சட்டையின் எல் சைஸைத் தேடி எடுத்து, மீடியத்துக்கு மாட்டினாள். அவன் கண்ணாடியைப் பார்த்துத் திகைத்தான்.

"அக்கா, இது என் சைஸ் இல்லையே."

"தெரியும். நேரா நில்லு."

தையல் அவன் தோளில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. ஒன்றுதான். அப்படியானால் அவர் இவனைவிடவும் இளைத்திருக்கிறார். அவள் முகம் மாறியதை அவன் கவனித்துவிட்டான். என்னவென்று கேட்டான். சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்: "போன வருஷம் காய்ச்சல்ல எனக்கு மூணு கிலோ குறைஞ்சுது, ஞாபகம் இருக்கா? வேலை போயிடும்னு பயந்து செத்தேன். அப்பவும் தோள்ல அரை விரல்கூட இறங்கலக்கா. நீங்க சார்கிட்ட இப்பவே பேசுங்க."

துவைக்கிற அறையில் நாலு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே பேசினால் வெளியே கேட்காது. கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"எத்தனை கிலோ குறைஞ்சிருக்கீங்க?"

"யார் சொன்னா?"

"உங்க தோள் சொல்லுச்சு. மழுப்பாம சொல்லுங்க."

ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்து மாதத்துக்கு முன்னால், கிரேன் மேலே இருக்கும்போதே வயிற்றில் கத்தி இறங்கிய மாதிரி வலி. குடலில் புண் இருந்து ஓட்டையாகியிருக்கிறது. எப்படியோ கிரேனை நிறுத்திவிட்டு ஏணியில் பாதி இறங்கும்போதே மயக்கம். மேலே ஏறி வந்தவர்கள் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். அன்றைக்கே ஆபரேஷன். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. இப்போது கீழே உட்கார்ந்து சீட்டு எழுதுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். பதினாலு கிலோ போய், இரண்டு திரும்பி வந்திருக்கிறது.

"அப்போ அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை நெட்வொர்க் இல்லன்னு மெசேஜ் போட்டது?"

"ஆஸ்பத்திரியிலேருந்துதான்." அவர் குரல் இறங்கியது. "சொன்னா நீ அழுவேன்னுதான்..."

"அழாம இருக்கிறதுக்கா உங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்?"

அவளுக்குக் கேட்க நூறு கேள்வி இருந்தது. டாக்டர் என்ன சொன்னார், தையல் பிரித்தாயிற்றா, என்ன சாப்பிடுகிறார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அந்தப் பதினொரு நாளும் உங்க துணியை யாரு துவைச்சாங்க?"

"அறையில கூட இருக்கிற வெல்டர்தான். பாவம், தலை வாரிவிடக்கூட வந்தான்."

முகம் தெரியாத அந்த வெல்டரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும், அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் நிற்க வேண்டும் போலவும் இருந்தது அவளுக்கு. இயந்திரத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, அது சுற்றி ஓய்கிற வரை அழுதாள்.

அவர் விடுப்புக்கு எழுதிப் போடவேண்டும் என்றாள். எழுதினார். அது மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனது. இதற்கிடையில் அவரை ஒரு அளவு டேப் வாங்கி வைக்கச் சொன்னாள். அடுத்த ஞாயிறு, போனைச் சன்னல் திட்டில் வைத்துத் தள்ளி நிற்கச் சொன்னாள். மகள் எழுந்துகொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருங்க. நான் நோட்டு வாங்கப் போறேன்." நோட்டு முந்தின நாளே வாங்கியாயிற்று.

"சட்டையைக் கழட்டுங்க."

வயிற்றின் நடுவே, மேலிருந்து கீழே, சிவந்த கோடு ஒன்று ஓடியது.

"டேப்பை முதுகுப் பக்கமா கொண்டுவாங்க. அக்குளுக்குக் கீழ. இன்னும் கொஞ்சம் மேல. முறுக்கிக்கிச்சு பாருங்க, நேர் பண்ணுங்க. இறுக்காதீங்க. உள்ளே ரெண்டு விரல் போகணும்."

"நீ அளந்தா கூச்சமா இருக்கும்," என்றார் அவர். "நான் அளந்தா ஒண்ணுமே தெரியல."

"பேசாம மூச்சை விடுங்க. எவ்வளவு?"

"தொண்ணூத்திமூணு."

நூற்றாறு சென்டிமீட்டர் இருந்த மார்பு. அவள் எழுதிக்கொண்டாள். தோளுக்கு வெல்டர் வந்து டேப்பின் ஒரு முனையைப் பிடித்தான். "வணக்கம் அண்ணி, இங்கேயா?" என்று கேட்டபடி விரலை வைத்தான். "அதேதான் தம்பி, அந்த எலும்பு நுனியில." சொல்லும்போதே, இந்தப் பக்கம் அவள் கட்டைவிரல் வெறும் காற்றில் அந்த எலும்பைத் தேடிக்கொண்டிருந்தது.

பிறகு மேஜையிலிருந்த பன்னிரண்டையும் அவருக்காக முதலிலிருந்து பார்த்தாள். இரண்டாம் எண்தான் பொருத்தத்தில் எல்லாரும் மெச்சியது. ஆனால் வயிற்றோடு ஒட்டும், கோடு தெரியும். ஆறாம் எண்ணுக்குத் துணி அருமை, உள்தையல் முரடு; ஆறாத தோலில் உராயும். பதினொன்று மலிவு, நிறமும் போகவில்லை, ஆனால் காலர் சவசவ என்று கிடந்தது. ஏற்கெனவே மெலிந்த கழுத்தை அது இன்னும் மெலிதாகக் காட்டும். ஒன்பதாம் எண், ஒட்டுத்தாளை உரித்துப் பார்த்தால் அவள் கேள்விப்பட்டே இராத ஒரு கடை. தோளில் கச்சிதம், வயிற்றில் தாராளம், உள்ளே மெத்தென்று இருந்தது. அறிக்கையில் அதற்குப் பொருத்தத்தில் ஆறுதான் போட்டிருந்தாள். அந்த மார்க்கை மாற்றவில்லை. அது மீடியத்துக்குப் போட்டது. சாயங்காலம் அந்தக் கடைக்குப் போய் எஸ் சைஸில் ஒன்று வாங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்காக எஸ் சைஸ் ரேக்கின் முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை.

ஐந்து துவையல் முடித்துத் தபாலில் அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து அவர் அதைப் போட்டுக்கொண்டு போன் முன்னால் நின்றார். தையல் இரண்டு தோளிலும் எலும்பு நுனியில் அச்சாக உட்கார்ந்திருந்தது.

"சூப்பர்ப்பா!" என்றாள் மகள்.

டேப் அக்காவும் தலையாட்டினாள். பிறகு அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. சட்டை சரியாக இருந்ததுதான் அவளைச் சாய்த்துவிட்டது. அந்தத் தோளை, அந்த மார்பை அவள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. பதினேழு வருஷம் கட்டிப்பிடித்துத் தூங்கிய மனிதர் எங்கேயோ கரைந்துபோய், அளவு மட்டும் தெரிந்த இன்னொருவர் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் கழித்து நாற்பது நாள் விடுப்பு கிடைத்தது. வந்தார். வந்த அன்று சாப்பிட்டுவிட்டு, மதியம் மின்விசிறிக்கு அடியில் வெறும் உடம்போடு படுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடு இப்போது வெளுத்திருந்தது. தொட்டால் வலிக்குமோ என்று கையைக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே அந்தக் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

நாற்பது நாளும் ஓட்டமாய் ஓடிவிட்டது. நாலு கிலோ ஏறினார். ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி. வழியனுப்பப் போன விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று அவள் சொன்னாள்: "இனிமே எதுவா இருந்தாலும் மறைக்காதீங்க."

"மறைச்சாலும் நீ கண்டுபிடிச்சிடுவியே," என்று சிரித்தார்.

"கண்டுபிடிக்க அஞ்சு மாசம் ஆச்சுங்க. பெரிய கெட்டிக்காரின்னு ஆபீஸ்ல பேரு."

அவர் சிரிப்பு நின்றது. பெட்டியைக் கீழே வைத்தார். அவள் தோளில் கை வைத்து, "சொல்றேன். தலைவலின்னாலும் சொல்றேன்," என்றார். உள்ளே வரச்சொல்லி அறிவித்தார்கள். மகளின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம் இல்லை. மகள் சன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு நிறுத்தத்துக்குள் அம்மாவின்மேல் சாய்ந்து தூங்கிப்போனாள். இறங்கவேண்டிய இடம் வந்தும் அவளை எழுப்ப மனசு வராமல், கடைசி நிறுத்தம் வரை போய், வேறு பேருந்து பிடித்து வீடு வந்தார்கள்.