ராக்கிராக்கியில் முகமில்லாத படங்கள்

ஃபிஜியில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததற்கு அடுத்த ஆண்டு, கரும்பு வெட்டும் பருவத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. லௌடோகா பேருந்து நிலையத்திலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம்: நான், மூன்று வயது மகள் மலர், பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா. ராக்கிராக்கி நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பேருந்துக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள். பக்கத்து ஊரான ட்ராசாவைத் தாண்டுவதற்குள், தண்ணீர் போதுமா, வழியில் சோதனைச் சாவடி இருக்குமா, குழந்தையைக் கூட்டி வந்தது தப்போ என்றெல்லாம் அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

“அரே தங்கச்சி, நாட்டை வுட்டுப் போறது நானு. பயம் ஒனக்கா?” என்றார்.

அக்கா ஃபிஜியில் பிறந்தவர். வீட்டில் ஃபிஜி ஹிந்திதான். கோயிலில் பழகிய தமிழை எனக்காகப் பேசுவார். சனிக்கிழமை குடும்பத்தோடு ஆக்லாந்து போகிறார். அவர் வளர்ந்த பண்ணை, குத்தகை முடிந்து கைமாறிவிட்டது. புது வீட்டுச் சுவருக்கு அங்கிருந்து ஒரு படம் வேண்டும் என்றுதான் என்னையும் என் கேமராவையும் அழைத்து வந்தார்.

பத்தரைக்கு ராக்கிராக்கியின் பினாங்கு சர்க்கரை ஆலை அருகே இறங்கி நடந்தோம். பண்ணை வீடு தெரிந்ததும் கேமராவை எடுத்தேன். அக்கா லென்ஸைக் கையால் மூடினார்.

“வூடு வாணாம். மாமரம் வாணாம். தெனம் பாத்து அழுவ முடியாது.”

“பின்னே எதை எடுப்பது?”

“எந்த எடம்னு எனக்கு மட்டும் தெரியணும். வர்றவங்க கேக்கக் கூடாது.”

கல்யாண வீட்டிலும் கோயிலிலும் மனிதர்களை நிறுத்தி எடுத்துத்தான் எனக்குப் பழக்கம். என்ன செய்வதென்று நான் விழித்துக்கொண்டிருக்க, மலர் வறண்ட வாய்க்காலில் குந்திவிட்டாள். அழுக்காகிவிடுமே என்று தூக்கப் போனவள் நின்றுவிட்டேன். சேறு பாளம் பாளமாக வெடித்து ஓரம் சுருண்டிருந்தது; வெடிப்புகளில் கரும்புச் சாம்பல். லென்ஸ் வழியே அது சேறாகவே இல்லை. வெறும் கோடுகளும் நிழலும்.

அதன்பின் மூவரும் குனிந்தே நடந்தோம். தீயில் கருகிய கரும்பின் ஊதா வளையங்கள். கல்மேல் படர்ந்த வெள்ளைப் பாசி. கரும்பு வெட்டும் ஃபிஜிப் பூர்வகுடிக்காரர் ஒருவர், கம்மல் தொலைந்துவிட்டதென்று நினைத்து எங்களோடு தேடவே இறங்கிவிட்டார். விஷயம் தெரிந்ததும் தன் கத்தியின் துருவையும் படம் எடுக்கச் சொல்லி நீட்டினார்.

கடைசியில் அக்காவே என்னை மாமரத்தடிக்கு இழுத்துப் போனார். “இன்னும் கிட்ட. இன்னும்.” மூக்கு பட்டையில் இடிக்கும் தூரத்தில், பிசின் வழிந்த ஒரு கோடு வெயிலில் பழுப்பும் பொன்னுமாக மின்னியது. எடுத்தேன்.

எடுக்கும்போது கை ஆடிப் படம் மங்கியிருக்குமோ என்று திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கவலை.

வியாழக்கிழமை லௌடோகா ஸ்டுடியோவில் விசாப் படம் எடுக்க வரிசை நின்றது. நாங்கள் கழுவக் கொடுத்திருந்த ஃபிலிமில், முன்பே எடுத்திருந்த மலரின் படத்தை மட்டும் கடைக்காரர் தந்தார். மற்றதிலெல்லாம் ஆளே இல்லை, கேமரா கராப், கெட்டுப்போயிருக்கிறது, அதனால் பிரிண்ட் போடவில்லை என்றார். அக்கா சண்டை போட்டுப் போட வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து மாமரத்துப் படம் கைக்கு வந்தது. கை ஆடவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்து, எது மேல் பக்கம் என்று கேட்டார். அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கவில்லை.

“அங்கே யாராவது இது என்னன்னு கேட்டா?” என்றேன்.

“தங்கச்சியோட கேமரா கராப்னு சொல்லிடுவேன்” என்று சிரித்தார்.