மாப்பிள்ளை கொண்டுவந்த பால்சுறா

பாலக்கரையில் தைரியராஜ் வீடு எது என்றால் விழிப்பார்கள். ‘சுறா வாத்தியார்’ என்று கேட்டால் நண்டும் சிண்டும் வழி காட்டும். கடல் எங்கேயோ நாகப்பட்டினத்தில் கிடக்க, திருச்சியில் உட்கார்ந்துகொண்டு சுறாவிலும் திருக்கையிலும் எத்தனை வகை, எது எதிலிருந்து கிளைத்தது என்று ஆராய்கிறவரை ஊர் வேறெப்படிக் கூப்பிடும்?

கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். விடிந்ததும் சைக்கிளில் காந்தி மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். ஐஸ் பெட்டிகளை மீன் வியாபாரி மீரான் பிரிக்கும்போது பக்கத்திலேயே குந்தியிருப்பார். மற்ற மீன்களைப்போல சுறா லட்சக்கணக்கில் முட்டை இடாது, சில குட்டிகளைத்தான் ஈனும், சினைச் சுறாவைப் பிடித்துக்கொண்டே போனால் இனமே அற்றுப்போகும் என்று வகுப்பில் தொண்டை வற்றப் பேசுவார். வீட்டில்தான் வாயே திறக்க மாட்டார்.

எழுபத்தொன்பதில் அவர் மனைவி லூர்துராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பால் பற்றவில்லை, பிள்ளை வீறிட்டு அழுதது. பிரசவத்துக்கு உதவியாக வையம்பட்டியிலிருந்து வந்திருந்த மாமியார் சவேரியம்மாள் கதவோரம் நின்று கேட்டாள்.

“மாப்பிள்ளை, பச்சை ஒடம்புக்காரிக்குப் பால்சுறாப் புட்டு செஞ்சு குடுத்தா நல்லாப் பால் ஊறும். தெனம் மார்க்கெட்டுக்குப் போறீங்களே, கெடைச்சா வாங்கிட்டு வாங்க.”

“சரிங்க அத்தை” என்றார். மறந்துபோனார். மறுநாள் அவள் ஞாபகப்படுத்தினாள், மறுபடியும் மறந்தார். சுறாவே கதி என்று கிடக்கிற மனிதருக்குச் சுறா வாங்க மறந்துபோயிற்று என்றால் யார் நம்புவார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மீரான் அவருக்கென்று ஒரு சுறாவை எடுத்து வைத்திருந்தார். ஒரு முழ நீளம். முதுகின் இரண்டாவது துடுப்பு வழக்கமான இடத்தில் இல்லை, பல்லும் வேறு மாதிரி. அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. வயிற்றில் சினை. புது இனம் என்று நிரூபித்துவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் கரை சேர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வேறு வரவிருந்தார்.

ஆய்வுக்கூடச் சாவி துறைத்தலைவரிடம் இருந்தது. அவர் வீடோ ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். ஆசாரமான வைஷ்ணவர் வாசலில் மீனும் கையுமாகப் போய் நிற்க முடியுமா? சுறாவை வீட்டு அடுப்படியில் ஐஸோடு ஓர் அண்டாவில் போட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், மாதாகோயில் பூசைக்கும் போகாமல் சைக்கிளை மிதித்தார். துறைத்தலைவர் பெருமாள் சேவிக்கப் போயிருந்தார். காத்திருந்து சாவி வாங்கி வருவதற்குள் மதியம் ஆகிவிட்டது.

வாசலுக்கே பூண்டும் மிளகும் மணத்தன. உள்ளே லூர்துராணி கட்டிலில் உட்கார்ந்து புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை.

“மறந்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்” என்றாள்.

தைரியராஜ் கத்தினார். “ஒனக்காகவா வாங்கியாந்தேன்? அது என் ஆராய்ச்சிக்கு! என் உழைப்பையெல்லாம் தின்னு தீத்துட்டீங்களே!”

தெரு முழுக்கக் கேட்டது. பேரில் இருந்த தைரியமெல்லாம் பிள்ளை பெற்றவளிடம்தான் வெளியே வந்தது. லூர்துராணி வாயிலிருந்ததை விழுங்க முடியாமல் விழுங்கித் தட்டைக் கீழே வைத்தாள்.

மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்தாள். “தலையப் பூனை தூக்கிட்டுப் போயிருச்சு மாப்பிள்ளை. வயித்துல நாலு குட்டி இருந்துச்சு. பிள்ளை பெத்த வீட்டுல அதை ஆக்க மனசு வரல. கொல்லையில பொதைச்சுட்டேன்.”

அவர் கொல்லைக்கு ஓடி வெறுங்கையாலேயே தோண்டினார். தொப்புள்கொடிகூட அறாமல் நான்கும் முழுசாகக் கிடைத்தன. ஏதோ பொன்னை எடுப்பதுபோல அவற்றை ஏந்திக்கொண்டு திரும்பினார். பின்வாசலில் லூர்துராணி, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பசித்து அழுத பிள்ளைக்காக அவர் ஒருநாளும் இப்படி ஓடியதில்லை.

மறுநாள் முதல் வேலையாக நல்ல பால்சுறாவாகப் பார்த்து வாங்கிவந்தார். “நீங்களும் அம்மாவும் சாப்பிடுங்க” என்றாள் லூர்துராணி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் சுறாவைத் தொடவேயில்லை. பிள்ளை புட்டிப்பாலில் வளர்ந்தது.

சென்னைப் பேராசிரியர் குட்டிகளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “தாய் இல்லாம இதை மட்டும் வெச்சுப் புது இனம்னு சொல்ல முடியாதே. தாய் என்ன ஆச்சு?” கெட்டுப்போய்விட்டது என்று தைரியராஜ் புளுகினார். குட்டிகள் ஒரு ஜாடிக்குள் கல்லூரி மியூசியத்துக்குப் போயின. அந்த அலமாரிப் பக்கம் போக நேர்ந்தால் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நடப்பார். மீரான் மறுபடியும் அந்த மாதிரி ஒன்றைக் கண்டதாகச் சொல்லவேயில்லை.

எண்பத்தெட்டில் கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். லூர்துராணி மகள் பேட்ரிசியாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாணவர்கள் சூழ நின்றிருந்தபோது மகள் அந்த ஜாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டாள். “பாவம்ப்பா, குட்டிகளா இருக்கு. இதுங்களோட அம்மா எங்க?”

வகுப்பில் மணிக்கணக்கில் பேசுகிறவர் ஜாடியில் ஒட்டியிருந்த சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

“அதை நான் சாப்பிட்டுட்டேன்டி” என்றாள் லூர்துராணி. “நீ கைக்குழந்தை. பால் பத்தாம அழுவ. ஒங்கப்பா எங்கெங்கயோ தேடி எனக்காக வாங்கியாந்தாரு.”

“சார், சொல்லவேயில்லையே!” என்று மாணவர்கள் கைதட்டினார்கள். தைரியராஜ் தலையைக் குனிந்துகொண்டு, ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் துளிக்கூடக் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.