பிளாட்டினக் கம்பி இளைத்த கதை

ராஜபாளையம் பாண்டீஸ்வரிக்கு மூன்று வருஷமாக ஒரே வேலை. தண்ணீரில் கரண்டைச் செலுத்தி ஹைட்ரஜனைப் பிரிப்பது. அதற்கு நல்ல வினையூக்கி பிளாட்டினம். யானை விலை என்பதால் அதே காரியத்தை நிக்கலை வைத்து முடிக்கவேண்டும். முடித்தால் டாக்டர் பட்டம். மில்லில் ஷிப்டு பார்க்கும் அவள் அப்பா காளிராஜ், "எம்மக தண்ணியில கேஸ் எடுக்கா" என்று ஊரெல்லாம் சொல்லிவைக்க, சிலர் சிலிண்டர் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பொன்னுராஜ் சார்தான் அவளுக்கு கைடு. ஆய்வுக்கூடத்தில் விலையுள்ள பொருள் ஒன்றே ஒன்று: கரண்டு ஓடுவதற்காக நிக்கல் தகட்டுக்கு எதிரே முக்கி வைக்கும் பிளாட்டினக் கம்பி. காலையில் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுப்பார். அதன்பின் நகையை இரவல் கொடுத்தவர் மாதிரி சாயங்காலம்வரை எட்டி எட்டிப் பார்ப்பார்.

போன வருஷம் நிக்கல் திடீரென்று வேலை செய்தது. பழகப் பழக நன்றாகும் தோசைக்கல் போல, நாளுக்கு நாள் கூடுதலாகக் குமிழி விட்டது. சார் எல்லாருக்கும் பால்கோவா கொடுத்தார். கட்டுரையும் ஒரு பத்திரிகைக்குப் போனது.

மார்ச்சில் ஸ்டாக் எடுக்கும்போது கம்பியை எடை போட்டார். குறைந்திருந்தது. வேதியியலிலேயே ஊறிய மனுஷனுக்கு முதலில் தோன்றியது திருட்டுதான்.

"ஏம்மா, நுனியில நறுக்குனியா?"

பாண்டீஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் எதுக்கு சார் நறுக்கப்போறேன்?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மேஜைக்கு வந்தாள். நறுக்கவில்லையென்றால் எங்கே போயிருக்கும்? யோசித்ததும் புரிந்துவிட்டது. கரண்டு ஓட ஓட கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, எதிரே இருந்த நிக்கலில் போய்ப் படிந்திருக்கும். இத்தனை நாள் குமிழி விட்டது நிக்கலே இல்லை.

வாயை மூடிக்கொண்டால் திருடிப் பட்டம். திறந்தால் டாக்டர் பட்டம் போச்சு.

மறுநாள் கம்பியை வாங்காமல், புதுத் தகட்டுக்கு எதிரே கரிக்குச்சியை முக்கினாள். ஒரு வாரம் ஓட்டியும் நிக்கல் தேறவில்லை. சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். கடனே என்று ஒன்றிரண்டு குமிழி வந்தது.

"கம்பி எங்கயும் போகல சார். கொறஞ்சதெல்லாம் பழைய தகட்டுலதான் ஒட்டிக் கெடக்கு."

பொன்னுராஜ் சாருக்குப் பத்திரிகைக்குப் போன கட்டுரை ஞாபகம் வந்தது.

"நறுக்குனேன்னே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.