மேலே இருந்து பிழை எழுதுபவர்

இங்கே நோர்வேயில், இன்று வேலை முடிந்து வரும்போது மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலில் சிவநேசன் அண்ணையிடம் மாட்டுப்பட்டேன்.

மகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனதிலிருந்து அண்ணை பேஸ்போல் பண்டிதர். நான் பக்கத்தில் இருந்ததுமே, ஒரு மேட்சின் ஸ்கோர் போர்டு தெரிந்த போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பிள்ளை, இந்த R, H, E விளங்குதே?"

"இல்லை அண்ணை."

"R எண்டால் எடுத்த ஓட்டம். H எண்டால் ஒழுங்கா அடிச்ச அடி. E எண்டால் விட்ட பிழை."

பிழையையும் போர்டில் போட்டு ஊருக்குக் காட்டுவார்களா என்று கேட்டேன்.

"ஓம். அதுக்கெண்டே ஒராள் மேலை இருந்து பாத்துக்கொண்டிருப்பார். அவர் விளையாடுறேல்லை, பந்தைத் தொடுறதுமில்லை. ஆனா ஆற்றை பிழையெண்டு அவர்தான் முடிவெடுப்பார்."

பிறகு போனை மடியில் வைத்தார். குரல் இறங்கியது.

"உம்மடை தங்கச்சியும் மனுசனும் பிரிஞ்சிட்டினமாம். நான் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன். ஆற்றை பிழை?"

பெட்டியில் இருந்த நோர்வேக்காரர் எல்லோரும் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்கள். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

"அண்ணை, மேலை இருக்கிற அந்த ஆளுக்குச் சம்பளம் குடுக்கிறவையோ?"

"குடுப்பினம்தானே. ஏன் பிள்ளை?"

"இல்லை, நீங்கள் இவ்வளவு காலமும் சும்மாவெல்லோ செய்யிறியள்."

உங்கள் ஊரில் இந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? பக்கத்து நகரமான திராமனில் இருப்பவர்கள் தயவுசெய்து எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். பெயர்களைப் போட்டால் கமெண்டில் இடம் காணாது.