அடுத்த வரிசையின் மூன்றாவது வீடு

ஏப்ரல் நடுவில் இப்படிப் பனி கொட்டும் என்று நான் நினைக்கவில்லை. முந்தின சனிக்கிழமைதான் காரின் குளிர்கால டயர்களைக் கழற்றிச் சாதாரண டயர் பூட்டியிருந்தேன்.

மார்க்கம் நகரில் வேலை முடிந்தால் மல்வேர்னில் இருக்கும் வீட்டுக்கு இருபத்தைந்து நிமிட ஓட்டம். அன்று ஒன்றரை மணித்தியாலம் ஆகியும் வந்து சேரவில்லை. வைப்பர்களில் ஐஸ் பிடித்திருந்தது. தெருப் பெயர்ப் பலகைகள் எல்லாம் வெறும் வெள்ளை. முன்னால் போன காரின் சிவப்பு விளக்கை நம்பிப் போனேன்; அதுவும் எங்கோ திரும்பி மறைந்தது. வலப்பக்கம் வரிசை வீடுகள் தெரிந்ததும் அப்பாடா என்றிருந்தது. அங்கே குடிவந்து இரண்டு மாதம்தான். மூன்றாவது வீட்டு வாசலில் ஏற்றி நிறுத்தினேன்.

சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. பூட்டு உறைந்துவிட்டதாக்கும் என்று வாயால் ஊதிவிட்டு மறுபடி திருகினேன். கதவு உள்ளேயிருந்து திறந்தது.

"வந்திட்டீங்களே?" என்றபடி ஒரு பெண் நின்றார். என்னைக் கண்டதும் முகம் கறுத்துவிட்டது. எனக்கோ, என் வீட்டில் இவருக்கு என்ன வேலை என்றுதான் முதலில் தோன்றியது.

"நீங்கள் ஆர்?"

"இது என்ர வீடெல்லோ," என்று சொல்லி, வீட்டு இலக்கத்தையும் சொன்னேன்.

"அது பின் வரிசை, அண்ணை."

மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன். அவர் விடவில்லை. "வாற வழியில அக்சிடென்ட் ஏதும் கண்டனீங்களே? இவர் நாலரைக்கே வெளிக்கிட்டவர். போன் எடுக்கிறார் இல்லை."

வழியில் எதையுமே என்னால் பார்க்க முடியவில்லை என்பதுதான் உண்மை. "இல்லை, றோட்டு நல்லாத்தான் கிடந்தது," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் விளங்கவில்லை. அவரைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. முன்பின் தெரியாத வீட்டில் நிற்பதும் சரியாகப் படவில்லை. சப்பாத்திலிருந்து தண்ணீர் வடிய வாசலிலேயே நின்றேன்.

போன் அடித்தது. அவர் பதறி ஸ்பீக்கர் பட்டனை அழுத்திவிட்டார் போலும், கணவரின் குரல் எனக்கும் கேட்டது.

"இஞ்சரும், எங்கட வீடு எது? நான் மூண்டுதரம் சுத்திப்போட்டன்."

"என்ன கதை இது? மூண்டாவதுதானே."

"மூண்டாவதில ஆற்றயோ கார் நிக்குதப்பா. பிழையான வரிசை எண்டு திரும்பிப் போனன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். சிரிப்பதா ஏசுவதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. "நீங்கள் காரை எடுங்கோ அண்ணை," என்று மட்டும் சொன்னார்.

கார் நகரவில்லை. டயர்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. கணவர் தன் காரைத் தெருவில் விட்டுவிட்டு வந்தார். நான் யார் என்றுகூடக் கேட்கவில்லை. பொனட்டில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளத் தொடங்கினார். மனைவி டயர்களைச் சுற்றிச் சவளால் பனியை வாரினார். ஒருவழியாகக் கார் பின்னோக்கித் தெருவில் இறங்கியது.

கண்ணாடியை இறக்கி ஏதாவது சொல்ல நினைத்தேன். "வந்ததுக்கு நன்றி," என்றுதான் வாயில் வந்தது. அவர் வந்தது தன் சொந்த வீட்டுக்கு. "ஓம், பரவாயில்லை," என்று அவரும் குழம்பிப்போய்த் தலையாட்டினார்.

பின் வரிசையில் என் மனைவி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கை நிண்டனீங்கள் இவ்வளவு நேரமும்?"

"முன் வரிசையில ஒரு வீட்டில."

"ஆற்ற வீட்டில?"

பெயர் கேட்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. "தெரியாது," என்றேன். அவள் என் ஜாக்கெட்டை வாங்கி வாசலுக்கு வெளியே உதறினாள்.